மாலை போட்ட முகம்

சாலிகிராமம், சென்னை
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணி,

போனில் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். என் குரலைக் கேட்டால் ஜோஸ் அண்ணன் பேசுவது போலவே இருக்கிறது, அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்குவதில்லை என்றீர்கள். எப்படிப் பேசினால் அண்ணன் மாதிரி இருக்காது என்று கண்ணாடி முன்னால் நின்று பலவிதமாகப் பேசிப் பார்த்தேன். கீச்சுக் குரலில் பேசினேன், மூக்கால் பேசினேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஆகவே எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். படத்தில் என் பகுதி முழுக்க எடுத்து முடித்துவிட்டார்கள். நாயகனின் கூட்டாளி வேடம். தனியார் பஸ் கண்டக்டர். பாதிப் படத்தில் செத்துப்போகிறான், ஆனால் அதற்குப் பிறகும் எல்லோரும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். இவ்வளவு பெரிய வேடம் எனக்குக் கிடைக்கும் என்று நானே நினைக்கவில்லை. ஒரு சீன் முடிந்ததும் டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்து வந்து, "இதெல்லாம் எங்கய்யா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். சும்மா சிரித்துவைத்தேன்.

எங்கே கற்றேன் என்று உங்களுக்குத் தெரியும். பொள்ளாச்சி வண்டியில் அண்ணன் இடுப்பைச் சீட்டில் சாய்த்து, இரண்டு கையையும் விட்டு நின்று டிக்கெட் கிழிப்பாரே, அதைச் செய்தேன். வயசான பெண்கள் இறங்கும்போது, "அம்மணி, பாத்து எறங்குங்க, பஸ்ஸு எங்கீயும் போயராது" என்பாரே, அதை அப்படியே சொன்னேன். மொத்த யூனிட்டும் சிரித்தது.

பீரோவில் இருந்த அவருடைய காக்கிச் சட்டையைக் கேட்காமல் எடுத்து வந்தது தப்புதான். கேட்டிருந்தால் நீங்கள் தந்திருக்க மாட்டீர்கள். ஆடிஷனுக்கு அது வேண்டியிருந்தது. அதைப் போட்டதும் என் தோள் தானாக அவர் தோள் மாதிரி இறங்கியது, அது உண்மை. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உடை பார்க்கும் ஆட்கள் அதை இன்னும் பழசாகக் காட்ட வேண்டும் என்று டீத்தண்ணீரில் முக்கிக் காயப்போட்டார்கள். மற்றபடி கிழிசல் ஒன்றும் இல்லை.

படம் ஜூன் கடைசியில் வருகிறது. கோபத்தை ஒரு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு அம்மாவையும் இனியாக் குட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணி, இந்த ஒன்று மட்டும் ஓடிவிட்டால் என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

ஷெர்வின்


கிணத்துக்கடவு
12 பிப்ரவரி 2025

ஷெர்வின்,

கடிதம் வந்தது. சட்டையும் வந்தது.

பழைய சட்டையைப் பழசாக்கினார்களாம். நல்ல வேலை. கடைசி டிரிப் முடித்துக் காய்ச்சலோடு வந்து அவர் கழற்றிப் போட்ட சட்டை அது. நாலு வருஷமாக நான் அதில் தண்ணீர் படவிடவில்லை. ஏன் என்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. இப்போது பிரித்து முகத்தருகே வைத்தால் டீக்கடை வாசம் அடிக்கிறது.

நீ அனுப்பிய ஆடிஷன் வீடியோவைப் பார்த்த அன்றைக்கே உன் நம்பரைப் போனில் இருந்து அழித்துவிட்டேன். தேங்காய் நார் மில் ஆபீஸில் வேலை நேரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் திரும்புகிறார், சிரிக்கிறார், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சில்லறை இல்லை என்கிறார். பிறகு உன் பெயரைச் சொல்லி, வயதைச் சொல்லி, உயரம் சொல்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? கணக்கு எழுதும் சாஜிதா பேகம் ஓடி வந்து என்னைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

உன் அம்மாவுக்கு அந்த வீடியோவை நான் காட்டவில்லை. உனக்குத் தெரியும், கூடத்தில் இருக்கும் அவர் போட்டோவுக்கு அத்தை இன்றைக்கு வரை மாலை போடவிடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து நேராகப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள், யாருக்கும் முகம் காட்டவில்லை. போன வருஷம் நினைவுத் திருப்பலி முடிந்து வந்து நான் ஒரு முழம் பூ வைக்கப் போனேன். "பாக்காத மொகத்துக்கு நா எப்புடிக் கண்ணு மாலை போட உடுவேன்? அந்தப் பைக்குள்ளார வேற ஆரோ இருந்தா?" என்று கேட்டார். நான் பூவைக் கோவிலில் மாதா பாதத்தில் வைத்துவிட்டு வந்தேன். இந்த வீட்டில் நாங்கள் இப்படித்தான் இருக்கிறோம். நடுவில் நீ அவரைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாய்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ செய்ததற்குப் பெயர் நடிப்பா? உனக்கென்று ஒரு நடை, ஒரு சிரிப்பு கிடையாதா? அவர் இருந்தபோது நீ எப்படிச் சிரிப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.

இனியா நன்றாகப் படிக்கிறாள். அத்தைக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

கரோலின்


சாலிகிராமம்
24 ஜூன் 2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத இத்தனை மாதம் முயன்றேன். வரவில்லை. இப்போது அவசரமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை படம் வருகிறது. தயவுசெய்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

என் பகுதியை வெட்டிவிட்டார்கள். உதவி டைரக்டர் பிரவின்குமார் காங்கேயத்துக்காரர், நம்ம பக்கத்து ஆள் என்று என்மேல் கொஞ்சம் பாசம். அவர்தான் நேற்றுக் கூப்பிட்டார். "ஏனுங்க ஷெர்வின், மனசத் தேத்திக்கோணும். படம் நீளமாப் போச்சுங்க. உங்க டிராக்க முழுசாத் தூக்கிப்போட்டாங்க. போட்டோ மட்டும் இருக்குதுங்க" என்றார். என்ன போட்டோ என்று கேட்டேன். கூட்டாளி செத்துவிட்டான் என்று காட்ட ஒரு போட்டோ வேண்டுமே, மாலை போட்டுச் சுவரில் மாட்டிய போட்டோ, அது இருக்கிறதாம்.

அந்தப் போட்டோ எடுத்தது ஞாபகம் இருக்கிறது. ஷூட்டிங் நடுவில் ஆர்ட் டைரக்டரின் ஆள் என்னை ஒரு வெள்ளைத் துணி முன்னால் உட்காரவைத்து, "சும்மா இருங்க சார், ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லி எடுத்தான். நான் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிடம்தான் படத்தில் மிஞ்சியிருக்கிறது. செத்த பிறகு எல்லோரும் என்னைப் பற்றியே பேசுவார்கள் என்று உங்களிடம் பெருமை அடித்தேன். அந்த வசனங்களும் போய்விட்டன.

எனக்கு அழுகை வருகிறது என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன். இந்தத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். மெஸ்காரர் முதல் காட்சிக்கே டிக்கெட் எடுத்திருக்கிறார். அவரை எப்படிப் பார்ப்பேன்?

உங்கள் கேள்விக்கு இப்போது சொல்கிறேன். எனக்கென்று எதுவும் இருக்கிறதா என்று தெரியவில்லை. அறைக்குள் தனியாக நடந்து பார்க்கிறேன், அண்ணன் நடக்கிறார். தும்மினால்கூட அவர் தும்முகிறார். வேடம் முடிந்ததும் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை அண்ணி. அவருக்கு இங்கே வேலை இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?

பெரியவனுக்கு மாலை போடவிடாத அம்மா, சின்னவனுக்கு மாலை போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். ஏதாவது காரணம் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

ஷெர்வின்


கிணத்துக்கடவு
1 ஜூலை 2025

ஷெர்வின்,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நாங்கள் வெள்ளிக்கிழமையே போய்விட்டு வந்துவிட்டோம். போனில் கூப்பிடாதே என்று உன்னைத் தடுத்து வைத்தது நான். அதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

எதிர்வீட்டு அம்புஜம் அக்கா எல்லோருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார். அத்தை ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டார். பொள்ளாச்சி போகும்வரை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தனை பேரிடமும், "என்ற சின்ன மகன் நடிச்ச படமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இடைவேளை வரை நீ வரவில்லை. அம்புஜம் அக்கா என் காதில், "ஏனம்மணி, நம்ம பையன் எப்பத்தான் வருவான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால வருவான் என்று அத்தைதான் சமாதானம் சொன்னார்.

இடைவேளைக்குப் பிறகு நாயகன் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். எதிரே சுவர். சுவரில் போட்டோ, மாலை, சின்னச் சிவப்பு பல்பு. கேமரா மெதுவாகக் கிட்டே போகிறது.

ஷெர்வின், அது நீ இல்லை.

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அதை எடுத்தது நான். கல்யாணமான புதிதில், சோறு கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கு என் போனில் எடுத்தேன். பின்னால் நின்ற வண்டியை அழித்துவிட்டு வெறும் நீலமாக்கியிருக்கிறார்கள். முகம் அவர் முகம். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, அந்தத் திரை அளவுக்கு.

இனியா எழுந்து நின்று, "ஐ, சித்தப்பா!" என்று கத்தினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பாக்கு எதுக்கும்மா மாலை போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்தது கூடத்தில் இருக்கும், மீசை இல்லாத கல்யாணப் போட்டோ அப்பாதானே, திரையில் இருந்த முகத்துக்கு உன்னைப் போல மீசை. அத்தையும் எழுந்துவிட்டார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவர் உட்காரவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார். "சோசு, இப்பத்தான் மொகத்தக் காட்டுறியா சாமி" என்றார். அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து, இழவு வீட்டில் அழுவது போல மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ செல்போன் வெளிச்சத்தை எங்கள்மேல் அடித்தார்கள்.

மறுநாள் காலையில் அவரே போய்ச் சம்பங்கி மாலை வாங்கி வந்தார். கூடத்துப் போட்டோவுக்குப் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். நாலு வருஷமாக நான்தான் போட வேண்டும் போட வேண்டும் என்று இருந்தேன். கையில் வாங்கியதும் எனக்கு முடியவில்லை. அவரே ஸ்டூல் போட்டு ஏறிப் போட்டார். தெருவே வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போனது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொன்னார்.

இதை நீ தெரிந்து செய்தாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது.

கரோலின்


சாலிகிராமம்
8 ஜூலை 2025

அண்ணி,

மாதாமேல் ஆணை, எனக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகத் தியேட்டருக்குப் போனேன். அதுவரை படம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் இருந்தது. அந்த இடம் வந்ததும், நீங்கள் எழுதியும் நம்பாமல், என் முகமாகத்தான் இருக்கும் என்று காத்திருந்தவன் அண்ணனைப் பார்த்தேன். இரண்டாம் தடவையாக என்னோடு படம் பார்க்க வந்திருந்த மெஸ்காரர் என் தொடையில் தட்டி, "சூப்பர் தம்பி, என்னா லுக்கு!" என்றார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

பிரவின்குமாரைப் பிடித்துக் கேட்டேன். கண்டக்டர் பை எப்படி இருக்கும், பேட்ஜ் எங்கே குத்துவார்கள் என்று காட்ட ஆரம்பத்தில் அண்ணன் படங்களை ஆர்ட் ஆட்களுக்கு அனுப்பியிருந்தேன். வெள்ளைத் துணி முன்னால் எடுத்த என் படத்தில் முகம் செத்துப்போய் இருந்ததாம். "அதுல உசுரே இல்லீங்க, அதனால மத்ததுல இருந்து ஒண்ண எடுத்துப் போட்டோம். அதுவும் நீங்கதானுங்களே?" என்று அவர் என்னையே கேட்டார். செத்தவன் படத்துக்கு உயிருள்ள முகம் வேண்டும் என்று தேடி, இருக்கிற என்னை விட்டுவிட்டு அண்ணனை எடுத்திருக்கிறார்கள்.

அம்மா அழுதுவிட்டார் என்பதில் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. மறுபக்கம், தெருவே வந்து துக்கம் கேட்ட இந்தச் சாவுக்கு நான் ஊரில் இல்லை. முதல் சாவுக்கும் இல்லை.

இனிமேல் எழுதப்போவதற்கு நீங்கள் கோபப்படுவீர்கள். ஆனாலும் உங்களிடம் கேட்காமல் செய்யமாட்டேன்.

அந்தப் போட்டோ இணையத்தில் சுற்றுகிறது. படமே சுமார்தான், ஆனால் அந்தச் சுவர் காட்சியை வெட்டிப் போட்டு, யார் இந்தக் கண்டக்டர் என்று கேட்கிறார்கள். வேறொரு டைரக்டர், பெரியவர், ஆள் அனுப்பினார். அடுத்த படத்தில் நாயகனுக்கு அடுத்த வேடம். வெட்ட முடியாத வேடம். அந்தப் போட்டோவில் இருப்பவர் நீங்கள்தானே என்று வந்தவர் கேட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருபத்தைந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அறிவிப்பு போஸ்டரில் அந்தப் போட்டோவையே போட்டு, கீழே என் பெயரைப் போடுவார்களாம்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை நான் அப்படியே செய்வேன், உங்களுக்கே தெரியும். அண்ணன் பேரைக் கெடுக்கும் காரியம் எதுவும் இதில் இல்லை. அவரும் ஒருவிதத்தில் இருந்துகொண்டே இருப்பார்.

சொல்லட்டுமா அண்ணி?

ஷெர்வின்


கிணத்துக்கடவு
16 ஜூலை 2025

ஷெர்வின்,

முதலில் உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அது பொய்யாக இருந்தது.

நிஜம் இது. அந்தப் படத்துக்கு நான் மறுபடியும் போனேன். மில்லில் லீவு சொல்லிவிட்டு, வீட்டில் மில்லுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாக. ஒரு தடவை இல்லை. இடைவேளைக்குப் பிறகு அந்தச் சுவர் வருகிறவரை உட்கார்ந்திருப்பேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எழுந்து வந்துவிடுவேன். டிக்கெட் கிழிக்கும் ஆள் இப்போது என்னைப் பார்த்தால் கதவைத் திறந்து விடுகிறான். நேற்றுப் படத்தை எடுத்துவிட்டார்கள். தியேட்டர் வாசலில் வேறு போஸ்டர். சின்னப் பிள்ளை மாதிரி அங்கே நின்று அழுதேன்.

அதனால் நீ ஆமாம் என்று சொன்னால் எனக்கு என்ன கிடைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஊர் ஊராக அவர் முகம் ஒட்டியிருக்கும். படத்துக்குப் படம் அவர் நடப்பார், பேசுவார். நான் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடுவேன். எனக்கு அது வேண்டும், ஷெர்வின். வேண்டவே வேண்டும். அவ்வளவு வேண்டியிருப்பதால்தான் வேண்டாம் என்று சொல்கிறேன்.

இனியா அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். மாலைக்குள் இருந்தது சித்தப்பாதான் என்கிறாள். "அது உங்கப்பா கண்ணு" என்று சொன்னால், "அப்பா ஊட்டுப் போட்டோல இருக்காரு, இது சித்தப்பா" என்கிறாள். அப்பா கையில் இருந்ததுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. முகம் ஒன்றுதான் நான் அவளுக்குக் கொடுக்க முடியும். அந்த முகத்துக்குக் கீழே உன் பெயர் ஒட்டிவிட்டால், பிறகு நான் என்ன சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை.

அப்புறம் நீ. நீ என் கல்யாணத்தில் பந்தல் காலில் ஏறிச் சீரியல் பல்பு கட்டிய பையன். உன்னையும் சேர்த்து இழக்க எனக்குத் தெம்பு இல்லை. அத்தை தினமும் உன்னைக் கேட்கிறார். நீ போகிற போக்கில் அவருக்கு ஒரு மகன்தான் இருப்பான், அவனும் செத்துப்போனவன்.

வேடம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக அலைகிறாய் என்றும் தெரியும். கேட்டாய், அதனால் சொன்னேன். முடிவு உன்னுடையது.

கரோலின்


சாலிகிராமம்
26 ஜூலை 2025

அன்புள்ள அண்ணி,

நேற்றுப் போனேன்.

டைரக்டர் அறையில் மேஜைமேல் அந்தப் போட்டோவே இருந்தது. ஆர்ட் ஆட்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறார், பிளாஸ்டிக் மாலையோடு. என்னை அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதானே? ஒரு தடவை சிரிங்க" என்றார்.

அண்ணி, நான் ஒன்றும் செய்யவில்லை, சிரிப்பு தானாக வந்துவிட்டது. கண் சுருங்கியது, கீழுதடு உள்ளே போனது. டைரக்டர் முகம் மலர்ந்தது. அப்படியே இருந்திருந்தால் போதும். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு, "இல்லைங்க. அது எங்கண்ணன். ஜோஸ். கொரோனால இறந்துட்டாருங்க" என்றேன். இதை நான் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் நல்ல மனிதர். எழுந்து அந்தப் போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு உட்கார்ந்து, "அப்ப நீங்க யாரு?" என்று கேட்டார்.

பெயரைச் சொன்னேன். ஏதாவது செய்து காட்டச் சொன்னார். என்ன வேண்டுமானாலும் செய்யலாம், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் விட்டால் அண்ணன், கட்டிக்கொண்டால் அண்ணன். தொங்கவிட்டேன். அப்படியே வெகுநேரம் நின்றேன். கடைசியில் அவரே, பரவாயில்லை, பிறகு பார்க்கலாம் என்றார். வேறு ஆளைத் தேடுவார்கள். அழாமல் படி இறங்கினேன்.

போட்டோவை என் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். சுற்றிக்கொள்ளத் துணிகூட இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டம்தான், ஆனாலும் விலகி வழிவிட்டார்கள். ஒரு சீட்டில் இருந்த இருவருமே எழுந்து இடம் கொடுத்தார்கள். மாலை போட்ட படத்தோடு வருகிறவனிடம் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

பக்கத்தில் ஒரு வயசான அம்மா நின்றிருந்தார், மீன் கூடைக்காரி. போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய், குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"இன்னா நைனா, உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இல்லம்மா, நான் இருக்கேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஷெர்வின்